இரண்டு பிஎஃப் எண்கள், ஒரு ஓய்வூதியம்: பீடி ஊரில் ஒரு இ-சேவை மேசை

நெல்லை, தென்காசிப் பக்கம் கம்ப்யூட்டர் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நேரே மத்தளம்பாறைக்குப் போய்விடுகிறார்கள். 2011-ல் அங்கே ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்ததும், படித்த பிள்ளைகள் சென்னைக்கு ரயில் ஏறாமலே வேலை பார்ப்பதும் நல்ல சேதிதான். ஆனால் அதே வட்டாரத்தில் முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், கடையம் என்று போகிற வழியெங்கும் வாசலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தால் கையில் என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த நிகழ்வு ஆய்வு அவர்களில் ஒருவரைப் பற்றியது. ஊரையும் பேரையும் சொல்லவில்லை. அந்த ஊர் இ-சேவை மையத்தில் மனு எழுதிக் கொடுக்க அவ்வப்போது போய் உட்கார்கிறவன் நான். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஏழைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எப்படி உதவும் என்று கேட்டால், கால் நூற்றாண்டாக வருகிற முதல் பதில் 'தகவல் கிடைக்கும்' என்பதுதான். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு அது உயிர் காக்கிற சேதி. கேரளக் கடற்கரையில் செல்போன் வந்த பிறகு மத்தி மீன் வியாபாரம் எப்படி மாறியது என்று ராபர்ட் ஜென்சன் 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். எந்தக் கரையில் விலை கிடைக்கும் என்று கடலிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டதால், விலை போகாமல் வீணாகிக் கொண்டிருந்த மீன் அநேகமாக இல்லாமல் போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. உவரி, கூத்தங்குழி ஆட்களிடம் இதைச் சொன்னால், இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா என்பார்கள்.

பீடி சுற்றுகிற பெண்ணுக்கு இது எதுவும் பொருந்தாது. அவர் எதையும் விற்பதில்லை. இலையும் தூளும் நூலும் கம்பெனி கொடுக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலியைக் கம்பெனியும் சங்கமும் பேசி முடிக்கின்றன. சுற்றியதை வாங்கிக்கொள்கிற கடைக்காரர் கழிவு என்று எடுத்துப் போட்டால் போட்டதுதான். முக்கூடலில் என்ன கூலி, மேலப்பாளையத்தில் என்ன கூலி என்று போனில் பார்த்து அவர் என்ன செய்யப்போகிறார்? இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவா முடியும்?

அவருக்கு வரவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே உழைத்து, ஏற்கெனவே பிடித்தம் செய்யப்பட்டு, ஏதோ ஒரு கணக்கில் எழுதப்பட்ட பணம் அது. அந்தக் கணக்கில் இருக்கிற ஆளும் தானும் ஒருவரே என்று அவரால் நிரூபிக்க முடிந்தால் பணம் வரும். முடியாவிட்டால் அது கணக்கிலேயே கிடக்கும். பீடி ஊரில் வறுமை ஒழிப்புக்குக் கம்ப்யூட்டர் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்பது என் கட்சி. பெரிய கெடுதல் செய்யக்கூடியதும் இங்கேதான்.

பீடிக்கும் பிஎஃப்-க்கும் என்ன சம்பந்தம்

வெளியூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களும் தொழிலாளர்களே, அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-ல் பி.எம். பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் தன் பெயரில் கம்பெனிக் கணக்குப் புத்தகம், அதாவது பாஸ்புக், வைத்திருக்கிற பெண்ணுக்குப் பிஎஃப் பிடித்தம் உண்டு. பெரும்பாலான தொழில்களில் 12 சதவீதம் என்றால் பீடிக்கு 10. கம்பெனியும் 10 கட்டவேண்டும். கம்பெனி கட்டுகிற அந்தப் பத்தில் 8.33 சதவீதம் 1995 நவம்பரில் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மிச்சம்தான் பிஎஃப்-ல் சேரும். மாதம் 3,000 ரூபாய்க்குக் கூலி வாங்கினால் தொழிலாளி பங்கு 300, கம்பெனி பங்கு 300, அந்தக் கம்பெனிப் பங்கில் சுமார் 250 ஓய்வூதியத்துக்கு.

ஓய்வூதியம் வேண்டுமென்றால் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும், 58 வயது ஆகியிருக்கவேண்டும். கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். 3,000 ரூபாய் சம்பளமும் 17 வருடச் சேவையும் என்றால் 728 ரூபாய் சொச்சம் வரும். 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் 1,000 என்று ஆக்கியிருப்பதால் ஆயிரமாகக் கிடைக்கும். ஆயிரம் ரூபாய் பெரிய காசா என்று கேட்பவர்கள் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து ஆயிரம் பீடி சுற்றிப் பார்க்கலாம்.

அந்தப் பத்து வருடத்தில்தான் சிக்கலே. நிறையப் பெண்கள் மகள் கல்யாணத்துக்கு, வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்கு என்று இடையில் பிஎஃப்-ஐ எடுத்திருப்பார்கள். எடுக்கும்போது பிஎஃப் பணத்துக்கான 19-ஆம் படிவத்தோடு, ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிடுகிற 10சி படிவத்திலும் சேர்த்துக் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். 10சி போட்டால் அதுவரைக்குமான ஓய்வூதியச் சேவை அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டும். கையெழுத்துப் போட்டவருக்கு அது தெரியாது. எழுதிக் கொடுத்த புரோக்கருக்குத் தெரியும்.

மஞ்சப்பையில் இருந்தது

நான் சொல்லவந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பெயர் இசக்கியில் தொடங்கும். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அப்படித்தான். அவர் இ-சேவைக்கு வந்தது முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போட. அது 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்ததிலிருந்து ஊரில் எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள்.

மேசையில் இருக்கிற பெண் இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்காரி. அவளுடைய அம்மா பீடி சுற்றித்தான் அவளைப் பாளையங்கோட்டையில் படிக்க வைத்தார். மனுப்போட வந்த அம்மாவின் மஞ்சப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், மகனுடைய பழைய மாற்றுச் சான்றிதழ், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு காகிதம். அந்தக் காகிதம் ஒரு பிஎஃப் ஆண்டுச் சீட்டு. தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது.

"பெரியம்மா, இது எந்தக் கம்பெனி?"

"அது மொதல்ல பாத்த கடை தாயி. அந்த மார்க்க நிப்பாட்டிட்டாவ. பொறவு வேற கம்பெனிக்குல்லா சுத்துனேன்."

"அதுக்கும் பிஎஃப் புடிச்சாங்களா?"

"புடிச்சாவளே. மெசேஜ் வரும்னாவ, நமக்கு எங்க வருது."

உதவித்தொகை மனுவை அவள் ஓரமாக வைத்துவிட்டாள். இந்த நிகழ்வில் மிக முக்கியமான நிமிடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வந்தவர் கேட்டது ஒன்று. அவருக்குச் சேரவேண்டியது வேறொன்று. எந்த இணையதளமும் அதைக் கண்டுபிடித்திருக்காது. இணையதளத்துக்குக் கேட்டதைக் கொடுக்கத்தான் தெரியும். பிஎஃப் சீட்டு எப்படி இருக்கும் என்று தன் வீட்டுப் பெட்டியில் பார்த்து வளர்ந்தவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் விஷயம் வெளியே வந்தது.

கூட்டிப் பார்த்ததில் நிலவரம் இது. முதல் கம்பெனியில் எட்டு வருடம் போல, இரண்டாவதில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பத்தைத் தொடவில்லை. ஆகவே இரண்டு கணக்கிலும் அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. இரண்டையும் சேர்த்துவிட்டால் பதினாறு, பதினேழு வருடம், ஓய்வூதியம் உண்டு. நல்லவேளையாக அவர் எங்கேயும் 10சி-யில் கைநாட்டு வைத்திருக்கவில்லை.

சேர்ப்பதற்கு என்ன வேண்டும்? இரண்டு கணக்கிலும் இருப்பவர் ஒரே ஆள் என்று தெரியவேண்டும். அப்போதுதான் கவரில் இருந்த காகிதங்களை வரிசையாகப் பரப்பினோம். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, ஆங்கிலத்தில் 'E' எழுத்தில் தொடங்கும் இசக்கி. இரண்டாவது கம்பெனியின் பிஎஃப்-ல் அப்பா பெயரின் முதலெழுத்து, 'I' எழுத்தில் தொடங்கும் இசக்கி. முதல் கம்பெனிச் சீட்டில் முதலெழுத்தே இல்லை, பேரும் பாதிதான். பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1. ஆவணம் இல்லாதவர்களுக்கு வயதை மட்டும் கேட்டுப் பதிந்த காலத்தில் பாதி ஊரே ஜனவரி 1-ல் பிறந்துவிட்டது. பிஎஃப்-ல் இருந்தது கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஆளைப் பார்த்துப் போட்ட வருடம். அது ஆதாரைவிட நாலு வயது குறைவு. அதன்படி பார்த்தால் அவருக்கு இன்னும் 58 ஆகவில்லை.

விரல்

எல்லாவற்றையும் ஆன்லைனில் திருத்தலாம் என்பார்கள். திருத்தலாம், ஓடிபி வந்தால். ஓடிபி ஆதாரில் இருக்கிற செல்போன் எண்ணுக்கு வரும். அந்த எண் மகனுடையது. அவர் திருப்பூருக்குப் போய் இரண்டு மூன்று சிம் மாற்றிவிட்டார். பழைய எண்ணுக்குப் போன் போட்டால் யாரோ இந்தியில் பேசுகிறார். ஆக, முதல் வேலை ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றுவது. அதற்குக் காகிதம் எதுவும் வேண்டாம், நேரில் போய் விரல் வைத்தால் போதும்.

விரல் வைத்தார். கருவி ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தார். கை கழுவிவிட்டு வந்து வைத்தார். யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் வைத்துப் பார்த்தார்.

"ரேகைய எல்லாம் இலை தின்னுட்டு தாயி" என்றார்.

பீடி எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிற இலை. இரவே நனைத்து வைத்து, அச்சு வைத்துக் கத்திரியால் நறுக்குவார்கள். நறுக்கிய இலையில் ஒரு சிட்டிகைத் தூளை வைத்து, இரண்டு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, நூலைச் சுற்றி, முனையை நகத்தால் மடக்கி அடைக்கவேண்டும். ஒவ்வொரு பீடிக்கும் விரல் நுனி இலையின் நரம்பில் உரசும். ஒரு நாளைக்கு எண்ணூறு, ஆயிரம் பீடி. அதை நாற்பது வருடம் செய்தவருக்கு விரல் நுனி தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். ஆதார்க் கருவியில் பெரும்பாலும் வைக்கச் சொல்வதும் அதே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்தான். உழைக்கிறவர் விரல் தேயும் என்பது இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. கண்ணின் கருவிழியைப் பதிந்து வைத்ததே இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். ஆனால் சின்ன மையங்களில் விரல் கருவிதான் இருக்கும். கருவிழிக் கருவி இருக்கிற இடத்தைத் தேடிப் போகவேண்டும். ரேஷன் கடையில் 2020-ல் கைரேகை வந்தபோது இவர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அங்கேயாவது ஓடிபி, கையெழுத்து என்று மாற்று வழி இருந்தது.

கடைசியில் கருவிழி பார்க்கிற ஒரு ஆதார் மையத்துக்குப் பஸ் ஏறிப் போய், எண்ணை மருமகள் போனுக்கு மாற்றினார்கள். மகன் எண்ணைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது மேசைக்காரிதான். வீட்டிலேயே இருக்கிற போன் எது என்று கேட்டுத்தான் அவள் எண்ணைப் பதிவாள்.

எதை முதலில் திருத்துவது

இந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு தவறு நடந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு புரோக்கர், 'பிஎஃப்-ல் இருக்கிறபடி ஆதாரை மாற்றிவிட்டால் பணம் உடனே வரும்' என்று சொல்லி ஆதாரில் பெயரை மாற்றியிருக்கிறார். அதோடு வங்கியிலும் ரேஷனிலும் பெயர் ஒட்டாமல் போனது. பிறகு பழையபடி மாற்றியாயிற்று. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அந்த இரண்டும் இப்படிக் கழிந்தன. இனிமேல் ஆதாரில் என்ன இருக்கிறதோ அதுதான் அச்சாணி. மற்றதெல்லாம் அதற்கு ஏற்ப மாறவேண்டும். வேறு யாராவது இதே வழியில் இறங்குவதாக இருந்தால் இதைக் கவனிக்கவேண்டும்: ரேஷன், வங்கி, செல்போன் எல்லாம் ஏற்கெனவே ஆதாரோடு கோத்துக் கிடக்கின்றன. ஒத்துப்போகாதது பிஎஃப் மட்டும் என்றால் பிஎஃப்-ஐத்தான் தொடவேண்டும்.

பெயருக்கு ஆதார் போதும். பிறந்த தேதிக்குப் போதாது. 2024 ஜனவரியிலிருந்து பிறந்த தேதிக்கான சான்றாக ஆதாரைப் பிஎஃப் நிறுவனம் ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை என்று வேறு எதையாவது கேட்கிறார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் அரசு மருத்துவரிடம் வயதுச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும். பிறப்பைப் பதியாத வீடு, பான் அட்டை என்ற பேச்சே இல்லாத வாழ்க்கை.

"பெரியம்மா, பள்ளிக்கூடம் போயிருக்கீங்களா?"

"நாலாப்பு வரைக்கும் போனேன். அஞ்சாப்புக்கு சுளக கைல குடுத்துட்டாவ."

நாலாம் வகுப்பு போதும். பத்தாம் வகுப்பு வராதவர்களுக்கும் படித்த பள்ளியில் ரெக்கார்டு ஷீட் என்கிற பதிவுச் சான்று தருவார்கள். அந்தத் தொடக்கப் பள்ளி இன்னும் நடக்கிறது. தலைமையாசிரியை பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துப் போட்டார். பக்க ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, மை மட்டும் நன்றாக இருந்தது. அப்பா பெயரை வைத்து வரிசையாகத் தேடியதில் அகப்பட்டது: பெயர், அப்பா பெயர், தொழில் விவசாயக் கூலி, பிறந்த தேதி. ஆதாரில் இருக்கிற அதே வருடம், மாதமும் நாளும் மட்டும் வேறு. அம்மாவுக்குத் தன் பிறந்த நாள் தெரியவந்தது அன்றைக்குத்தான். அதைவிட அப்பா பெயரை எழுத்தில் பார்த்ததுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. தலைமையாசிரியையிடம் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னார்.

கவனிக்கவேண்டும், முழுக்க முழுக்கக் கணினிமயமான ஒரு திட்டத்தில் முடிச்சை அவிழ்த்தது ஒரு பழைய காகிதப் பதிவேடு. அது இல்லாதவர்கள், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள், மருத்துவரிடம் அலைகிறார்கள்.

அப்புறம் வேலை வேகம் பிடித்தது. பெயரும் பிறந்த தேதியும் திருத்துவதற்குத் தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு அறிவிப்பு. 2025 ஜனவரியில் இதை எளிதாக்கினார்கள். 2017 அக்டோபரிலிருந்து யூஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் பொது எண்) பெற்றவர்கள் தாங்களே திருத்திக்கொள்ளலாம். இவருடையது அதற்கு முந்தையது. ஆகவே கம்பெனி வழியாகத்தான் போகவேண்டும். இரண்டாவது கம்பெனி இப்போதும் நடக்கிறது. அங்கே முதலில் 'நாளைக்கு வாங்க' என்றார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் கூடப் போன பிறகு அந்த நாளை வந்துவிட்டது. வேலையை விட்ட தேதியையும் அப்போதே போட வைத்தோம். அது காலியாக இருந்தால் இந்த மாதிரி மனு எதுவும் நகராது. இப்போது கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் ஆனால் தொழிலாளியே அதைக் குறிக்கலாம் என்ற வசதி இருக்கிறது, கேட்டுப் பார்த்த எவருக்கும் தெரியவில்லை.

முதல் கம்பெனி மூடிவிட்டது. அந்தக் கணக்குக்கு யூஏஎன் கிடையாது. அந்த ஏற்பாடு வந்ததே 2014-ல்தான். மஞ்சப்பையில் கிழிந்து கிடந்த சீட்டில் இருந்த கணக்கு எண்தான் ஒரே பிடி. கம்பெனி கையெழுத்துக்குப் பதிலாக வங்கி மேலாளர் சான்றொப்பம், கணக்கை மாற்றுவதற்கான படிவம் 13, கூடவே ரெக்கார்டு ஷீட் நகல். அந்தச் சீட்டு மட்டும் அடுப்புக்குப் போயிருந்தால் எட்டு வருடமும் போயிருக்கும்.

மனு ஒருமுறை திரும்பி வந்தது. காரணம் திரையில் ஒரே வரி: தந்தை பெயர் பொருந்தவில்லை. அப்பா பெயர் போடவேண்டிய கட்டத்தில் பழைய கம்பெனி கணவர் பெயரைப் போட்டிருந்தது. இன்னொரு விளக்கக் கடிதம். அதற்குப் பிறகு இரண்டு கணக்கும் ஒன்றாயின.

மேசைக்காரிக்கு என்ன கிடைத்தது

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் மொத்தக் கதையும் இதில்தான் நிற்கிறது. இ-சேவையில் வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்கு 60 ரூபாய். அதில் ஒரு பங்கு மையம் நடத்துகிறவருக்கு. பத்து நிமிட வேலை. இந்த அம்மாவின் பிஎஃப் வேலை மாதக்கணக்கில் இழுத்தது. அதற்கு அரசாங்கக் கட்டணப் பட்டியலில் இடமே இல்லை. ஜெராக்ஸ் காசும், முடிந்த அன்று அம்மா கொண்டுவந்து கொடுத்த ஒரு கிலோ முறுக்கும்தான் அவளுக்குக் கிடைத்தது. தனியார் கம்ப்யூட்டர் சென்டர்களில் இதே வேலைக்கு வருகிற பணத்தில் சதவீதம் கேட்கிறார்கள். கேட்பது நியாயமா என்றால் நியாயம் இல்லை. ஆனால் சும்மா செய் என்று யாரையும் சொல்லவும் முடியாது.

2000-களின் தொடக்கத்தில் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பை வைத்து கிராமக் கியாஸ்குகள், அதாவது சின்ன இணைய மையங்கள், போட்டார்கள். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. சில வருடங்களில் அவற்றில் பல மூடிவிட்டன. நடத்தியவர்களுக்கு மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை என்பது முக்கியமான காரணம். அன்றைக்கு இணைப்பு கிடைப்பதே பெரும்பாடு. இன்றைக்கு இங்கே இணைப்பு இருக்கிறது, கரண்டு இருக்கிறது, மருமகள் கையில் போன் இருக்கிறது. ஓட்டை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது: உட்கார்ந்து உதவுகிறவருக்கு உதவுகிற நேரத்துக்குக் கூலி கிடையாது. சான்றிதழ் அச்சடித்தால் காசு, சிக்கலை அவிழ்த்தால் ஒன்றுமில்லை என்றால் எந்த மையம் சிக்கலைத் தொடும்? ஓய்வூதிய மனு ஒன்று முடிந்தால் மையத்துக்கு இவ்வளவு என்று அரசே கொடுக்கலாம். பெரிய தொகைகூட வேண்டாம்.

வந்த பணம்

பிஎஃப் மொத்தத் தொகை முதலில் வந்தது. கூட்டுறவு வங்கியில் இருந்த நகையை மீட்டார். சில வாரம் கழித்து ஓய்வூதியம்: மாதம் 1,000. 58 வயது முடிந்த நாளிலிருந்து நிலுவையும் சேர்ந்து வந்தது. பிறந்த தேதியைத் திருத்தியதன் பலன் அதில்தான் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, மறைக்கவேண்டியதில்லை. அவர் முதலில் கேட்டு வந்த முதியோர் உதவித்தொகை 1,200. இத்தனை அலைந்து வாங்கியது 1,000. வேறு ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு அந்த உதவித்தொகை கிடையாது. "எரநூறு கொறச்சலுக்கா இம்புட்டு பாடு" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் உதவித்தொகை ஆதரவில்லாதவருக்கு. சம்பாதிக்கிற மகன் இருக்கும்போது அந்த மனு தேறுவது கஷ்டம், தேறினாலும் அடுத்த ஆய்வில் நிறுத்தலாம். இதை நிறுத்த முடியாது. அவர் கூலியில் பிடித்து வைத்த பணம். நிலுவையையும் பிஎஃப் தொகையையும் உதவித்தொகை கொடுத்திருக்காது.

இனி வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று. இங்கே தொழில்நுட்பத்தை மனதாரப் பாராட்டலாம். இந்தச் சான்றைக் கணினி வழியே கொடுக்கிற ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் தொடங்கியபோது விரல் அல்லது கருவிழி வேண்டியிருந்தது. 2021-லிருந்து முகத்தைக் காட்டினாலும் போதும். மருமகள் போனை வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ள, அம்மா கண்ணை இமைத்தார், முடிந்தது. பிஎஃப் ஓய்வூதியக்காரர்கள் நவம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம், எந்த மாதம் கொடுத்தாலும் அங்கிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும். தேய்ந்த விரலை வைத்து மாரடித்த ஊரில் இந்த ஒரு மாற்றம் எவ்வளவு அலைச்சலைக் குறைத்திருக்கிறது என்பதை அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் இப்போது தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகத்தான். அதில் சிக்கல் குறைவு. மனுப்போடுவது படிக்கிற பிள்ளை.

அந்த அம்மாவைப் பார்த்து இன்னும் பலர் மஞ்சப்பையோடு வந்தார்கள். சிலருக்கு நடந்தது, 10சி போட்ட சிலருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருடைய சொந்த நாத்தனாரும் வந்தார். ஒரே வீட்டில், ஒரே காலத்தில், ஒரே பாஸ்புக்கில் இருவரும் சுற்றியவர்கள். பாஸ்புக் அண்ணன் மனைவி பெயரில் இருந்ததால் பிடித்தம் எல்லாம் அந்தப் பெயரில் போயிற்று. நாத்தனாருக்கு எந்தக் கம்பெனியிலும் எண் கிடையாது. சீட்டு இல்லை, திருத்துவதற்குத் தப்பான பெயர்கூட இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-ல் வந்த இ-ஷ்ரம் தளத்தில் பீடித் தொழிலாளி என்று பதிந்து அட்டை எடுத்துக் கொடுத்தோம். பழைய வருடங்களுக்கு அதனால் ஒரு பைசா வராது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தோம். தன் பெயரில் பாஸ்புக் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டார். புதிதாக யாருக்கும் போடுவதில்லை என்று பதில் வந்தது. முதியோர் உதவித்தொகை மனுவை இப்போது அவருக்காகப் போட்டிருக்கிறோம். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, அதனால் தேறும் என்று மேசைக்காரி சொல்கிறாள். விரல் இவருக்கும் விழவில்லை.